பூரிகையும் பொதுத்தெருவும்



சென்ற மாதம் நம் நகரியத்துக்கு வெளியே ஒரு கிராமத்தில் நடந்த நல்லடக்கத்துக்குச் சென்றிருந்தேன். மறைந்தவரை உங்களில் பலர் அறிவீர்கள். வாழ்நாளெல்லாம் சுரங்கத்தில் உழைத்து, குடியிருப்பைக் காலி செய்துவிட்டுச் சொந்த ஊருக்குத் திரும்பியவர். தம் இறுதி ஊர்வலத்தில் பேண்டு வாத்தியம் வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருந்தாராம். இரண்டு டிரம்பெட், ஒரு கிளாரினெட், ஒரு யூபோனியம், சைடு டிரம், பேஸ் டிரம் என ஆறுபேர் வந்திருந்தார்கள். வீட்டு வாசலிலிருந்து ஞானப்பாட்டு மெட்டுகளை வாசித்துக்கொண்டே நடந்தார்கள். ஊரின் பெரிய தெரு தொடங்கும் முனைக்கு வந்ததும், குழுவின் மூத்தவர் டிரம்பெட்டை உதட்டிலிருந்து எடுத்துவிட்டார். முரசுகளும் நின்றன. பிரேத வண்டி பெரிய தெருவுக்குள் நுழையாமல் வயல் வரப்பை ஒட்டிய மண்பாதையில் திரும்பியது. வாய்க்காலைக் கடந்த பிறகே மெட்டு மறுபடியும் தொடங்கியது.

அடக்கம் முடிந்தபின் அந்தப் பெரியவரிடம், அங்கே ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். "வழக்கம்ங்க ஐயா. அந்த முனையில வாசிக்கிறதில்ல. எங்கப்பா காலத்திலிருந்தே அப்படித்தான்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. நானும் வேறொன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த பிறகே நான் சொல்லாமல் விட்டது என்னை உறுத்தத் தொடங்கியது. தியானத்துக்கென்று வேறு ஒரு வேதபகுதியை ஆயத்தம் செய்து வைத்திருந்தேன். அதைத் தள்ளி வைத்துவிட்டு இந்த வாரம் பித்தளைக் குழல்களின் வரலாற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். நீளமாக இருக்கும், பொறுத்தருளுங்கள்.

எனக்கும் அந்தக் குழலோடு ஓர் உறவு உண்டு. பள்ளி நாட்களில் இதே நெய்வேலியில் பள்ளி பேண்டில் முதலில் பியூகிளும் பின்பு டிரம்பெட்டும் ஊதியவன் நான். குடியரசு நாளன்று பாரதி விளையாட்டரங்கத்தில் அணிவகுத்து நடந்திருக்கிறேன். எங்களுக்குக் கற்றுத் தந்தவர் ராணுவ பேண்டில் இருந்து ஓய்வு பெற்றவர். முதல் இரண்டு வாரம் குழலையே எங்கள் கையில் தரவில்லை. உதடுகளை மூடி, காற்றால் அவற்றை அதிரச் செய்து, வண்டு ரீங்கரிப்பதுபோல் ஒலி எழுப்பச் சொன்னார். பிறகு ஊதுவாயை மட்டும் தந்தார். அதற்குப் பிறகே குழல் வந்தது. "சத்தம் கொழல்ல இல்லடா, உன் ஒதட்டுல இருக்கு" என்பார். அது அறிவியல் முறைப்படியும் உண்மை. பித்தளைக் குழலில் நாணல் நாக்கு எதுவும் இல்லை. அதிர்வது ஊதுபவனின் உதட்டுச் சதையே. அந்த அதிர்வுக்கு ஒரு வீட்டைத் தருவதும், அதில் எந்தச் சுரங்கள் நிற்கலாம் என்று வரையறுப்பதும் மட்டுமே குழலின் வேலை.

இப்படி உதட்டால் ஊதப்படும் குழல்கள் நமக்குப் புதியன அல்ல. மேனாட்டார் வருமுன்னரே தமிழகத்தில் கொம்பும் தாரையும் எக்காளமும் திருச்சின்னமும் இருந்தன. அதனால்தான் நம் வேதாகமத்தை மொழிபெயர்த்தவர்களுக்குச் சொல்லுக்குப் பஞ்சம் ஏற்படவில்லை. எக்காளம், பூரிகை என்ற இரண்டு சொற்களையும் கூச்சமின்றி எடுத்துக்கொண்டார்கள். கோவில் வாசலில் ஒலித்த கருவியின் பெயர் கர்த்தருடைய நாளின் தொனிக்கும் பெயராயிற்று.

எண்ணாகமம் 10-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். மோசேயிடம் இரண்டு வெள்ளிப் பூரிகைகளை அடிப்பு வேலையாகச் செய்யும்படி கர்த்தர் கட்டளையிடுகிறார். அவற்றை ஊதும் பொறுப்பு ஆரோனின் குமாரருக்கு உரியது. இரண்டையும் ஊதினால் சபை முழுவதும் வாசலில் கூடிவர வேண்டும். ஒன்றை மட்டும் ஊதினால் தலைவர்கள் மாத்திரம் வர வேண்டும். பெருந்தொனியாய் ஒருமுறை ஊதினால் கிழக்கே பாளயமிறங்கியவர்கள் பிரயாணப்பட வேண்டும். இரண்டாம் முறை ஊதினால் தெற்கே இருப்பவர்கள். எரிகோவைச் சுற்றி ஊதப்பட்டது ஆட்டுக்கடாவின் கொம்பு. இதுவோ வெள்ளித் தகட்டை அடித்துச் செய்த நேர்க்குழல். இரண்டையும் நாம் குழப்பிக்கொள்வது உண்டு. முதல் நூற்றாண்டின் யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ், மோசேயின் பூரிகை ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைந்த நீளமுடையது என்று எழுதியிருக்கிறார். ரோமாபுரியில் தீத்துவின் வெற்றி வளைவில், எருசலேம் ஆலயத்திலிருந்து கொள்ளையிட்டுச் சென்ற பொருள்களுக்கிடையே நீண்ட பூரிகைகளும் செதுக்கப்பட்டிருப்பதை இன்றும் காணலாம்.

எகிப்திலும் இவற்றுக்கு உடன்பிறப்புகள் உண்டு. 1922-இல் ஹோவர்ட் கார்ட்டர் கண்டுபிடித்த துத்தன்காமுன் கல்லறையில் இரண்டு நேர்க்குழல்கள் கிடைத்தன. ஒன்று வெள்ளியால் ஆனது. 1939-இல் கெய்ரோவிலிருந்து பிபிசி வானொலி அவற்றின் ஒலியைப் பரப்பியது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் உறங்கிய குழலை ஒரு பேண்டு வீரர் ஊதினார். அவற்றில் சுரங்கள் மிகச் சில; ஆனால் பாளயத்தின் எல்லை வரை கேட்கும் ஆணைக்குரல் அவற்றுக்கு உண்டு. பூரிகை முதலில் பாட்டுக்கான கருவி அல்ல. யார் எப்போது எழும்ப வேண்டும், எந்தத் திசையில் நடக்க வேண்டும் என்று அறிவிக்கும் கருவி. அணிவகுப்பும் பித்தளையும் ஒன்றாகப் பிறந்தவை.

சுரங்கள் ஏன் குறைவு என்பதைச் சொல்லிவிடுகிறேன். பேண்டுக் குழுவில் சேர ஆசைப்படும் நம் வாலிபர்களுக்கு இது உதவும். வால்வு இல்லாத ஒரு நேர்க்குழலில் நினைத்த சுரமெல்லாம் வராது. உதட்டை இறுக்க இறுக்க ஒலி படிக்கட்டு ஏறுவதுபோல் தாவும், இடையில் நிற்காது. பியூகிளில் நாம் பயன்படுத்துவது ஐந்து படிகள்: ச, ப, மேல் ச, மேல் க, மேல் ப. ராணுவத்தில் எழுப்புதல் அழைப்பு முதல் மறைந்த வீரர்களுக்காக ஊதப்படும் இறுதி அழைப்பு வரை அனைத்தும் இந்த ஐந்துக்குள் அடங்கிவிடுகின்றன. அமெரிக்காவில் முதல் உலகப்போருக்குப் பின் போர்வீரர் சங்கங்களும், பின்பு கத்தோலிக்கப் பங்குகளும் பியூகிளும் முரசும் மட்டுமே கொண்ட அணிவகுப்புக் குழுக்களை வளர்த்தன; நியூவர்க் நகரின் பிளெஸ்ஸட் சேக்ரமெண்ட் பங்கின் குழு அவற்றில் புகழ்பெற்றது. சுரக் குறைவை அவர்கள் கால் நடையாலும் முரசாலும் ஈடு செய்தார்கள்.

ஏறத்தாழ 1814 முதல் 1818 வரையிலான ஆண்டுகளில் ஜெர்மானியர்களான ஸ்டோல்ட்செல், ப்ளூமெல் என்ற இருவர் வால்வு என்னும் உபாயத்தை உருவாக்கினார்கள். விரலால் அழுத்தினால் காற்று கூடுதலான ஒரு சுருளைச் சுற்றி வரும், குழல் நீளும், சுரம் தாழும். முதல் வால்வு ஒரு முழுச்சுரம் இறக்கும், இரண்டாவது அரைச்சுரம், மூன்றாவது ஒன்றரை. மூன்றையும் மாற்றி மாற்றிச் சேர்த்தால் ஏழு வகை நீளம் கிடைக்கும். அதற்குமேல் எல்லாச் சுரங்களும் கைவசம். இதன் விளைவு இசையில் மட்டுமல்ல, சமுதாயத்திலும் தெரிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் தொழிற்சாலைகளில் மலிவாகச் செய்யப்பட்ட கார்னெட்டும் யூபோனியமும் கூலித் தொழிலாளர் கைக்கு வந்தன. வயலின் கற்க வாய்ப்பில்லாதவர்கள் மாலை நேரங்களில் கூடி முழு இசைக்குழுவாக வாசித்தார்கள்.

அவர்களில் பலர் சுரங்கத் தொழிலாளர். நெய்வேலியில் வாழும் நாம் இதைக் கேட்டு ஒரு கணம் நிற்கலாம். இங்கிலாந்தின் நிலக்கரி ஊர்களில் பல சுரங்கங்களுக்குச் சொந்தமாக ஒரு பேண்டு இருந்தது. கிரைம்தோர்ப் சுரங்கத்தின் பேண்டு 1917-இல் தொடங்கியது. 1993-இல் சுரங்கம் மூடப்பட்ட பின்னும் பேண்டு வாசிக்கிறது. டர்ஹாம் நகரில் 1871 முதல் சுரங்கத் தொழிலாளர் திருநாள் நடந்து வருகிறது. ஒவ்வொரு சங்கமும் தன் கொடியின் முன்னே பேண்டை நடத்திச் செல்லும். அந்த ஆண்டில் சுரங்கத்தில் உயிரிழந்தவர் உண்டானால் கொடியின்மேல் கறுப்புத் துணி போர்த்தப்படும். 1934-இல் வேல்ஸ் நாட்டின் கிரெஸ்ஃபோர்ட் சுரங்க வெடிப்பில் 266 பேர் மாண்டார்கள். அவர்களுக்காக ராபர்ட் செயிண்ட் என்ற சுரங்கத் தொழிலாளி ஒரு மெட்டு அமைத்தார். சொற்கள் இல்லாத கீர்த்தனை அது. சுரங்கத் தொழிலாளரின் கீர்த்தனை என்றே அதற்குப் பெயர். பாடகர் தேவையில்லை, பித்தளையே ஜெபிக்கிறது. சென்ற மாதம் வரப்பில் நடந்தபோது அந்த மெட்டு என் நினைவில் ஓடிக்கொண்டிருந்தது.

நடந்துகொண்டே ஊதுவது உட்கார்ந்து ஊதுவதைப் போன்றதல்ல. அடி பொத்தென்று விழுந்தால் ஊதுவாய் பல்லில் இடிக்கும். என் மேலுதட்டின் உட்புறத்தில் ஒரு சிறு வடு இன்றும் உண்டு. பத்தாம் வகுப்பில் ஒத்திகையின்போது விளையாட்டுத் திடலின் பள்ளம் ஒன்று தந்தது. குதிகாலை முதலில் ஊன்றி, பாதத்தை உருட்டி, முன்விரல்களில் முடிக்க வேண்டும். இடுப்புக்குமேல் உடம்பு தண்ணீர்க் குடம் சுமப்பவளைப்போல் அசையாதிருக்க வேண்டும். ராணுவ விரைநடையில் நிமிடத்துக்கு 120 அடிகள், ஓர் அடிக்கு 30 அங்குலம். அந்த நடைக்குள் எந்த அடியில் மூச்செடுப்பது என்று முன்னரே முடிவு செய்ய வேண்டும். எல்லோரும் ஒரே அடியில் மூச்செடுத்தால் மெட்டில் ஓட்டை விழும். ஆகவே பக்கத்தில் நடப்பவன் மூச்செடுக்கும்போது நான் ஊத வேண்டும். நான் எடுக்கும்போது அவன். தோளை உயர்த்தி மூச்செடுப்பவன் நூறு அடிக்குள் களைத்துவிடுவான். விலாவின் அடியும் வயிறும் விரிய வேண்டும்.

நம் ஊர் வெயிலில் இன்னொரு தொல்லை. வெப்பத்தில் குழல் விரிந்து சுருதி இறங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது அதற்கு நேர்மாறு. குழலுக்குள் உள்ள காற்றில் ஒலியின் வேகமே சுருதியைத் தீர்மானிக்கிறது. 20 பாகை வெப்பத்தில் ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்லும். 40 பாகையில் சுமார் 355. ஆகவே மே மாத நண்பகலில் பித்தளை சுருதி ஏறிவிடும். சுருதிச் சறுக்கியைச் சற்று வெளியே இழுக்காவிட்டால் கேட்பவர்களின் பல் கூசும்.

இன்னுமொன்று. குழலின் அடியில் உள்ள சிறு திறப்பை அழுத்தினால் நீர் சொட்டும். அதைப் பார்த்து முகம் சுளிப்பவர் உண்டு, எச்சில் என்பார்கள். பெரும்பகுதி அது எச்சில் அல்ல. மூச்சின் ஈரம் குளிர்ந்த பித்தளையில் பட்டு நீராகிறது. கண்ணாடியில் ஊதினால் படிகிற பனித்திரை போன்றது. ஆனால் எச்சில் என்ற சொல்லுக்கு நம் நாட்டில் என்ன கனம் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். வாயால் ஊதுகிற கருவியை யார் ஊதலாம், ஊதுகிறவர் எங்கே நிற்கலாம் என்ற கேள்விகள் அந்தச் சொல்லைச் சுற்றியே வளர்ந்தவை.

அரண்மனைக்குள் வந்தபோது பித்தளைக்கு இந்தத் தொல்லை இருக்கவில்லை. சுவார்ட்ஸ் ஐயரின் மாணவராக வளர்ந்து 1798-இல் தஞ்சையில் அரியணை ஏறிய இரண்டாம் சரபோஜி மன்னர், மேனாட்டு இசைக்குழு ஒன்றைத் தம் அரண்மனையில் வைத்திருந்தார். நம் கீர்த்தனைகளின் தகப்பனாகிய வேதநாயகம் சாஸ்திரியாரும் அதே சுவார்ட்ஸ் ஐயரிடம் பயின்றவரே. அதே காலத்தில் சென்னைக் கோட்டையில் கம்பெனி பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்ட முத்துசுவாமி தீட்சிதர், அவற்றுக்கு வடமொழியில் சாகித்தியம் இயற்றினார். நோட்டுஸ்வரம் என்ற பெயரில் இன்றும் குழந்தைகள் அவற்றைக் கற்கிறார்கள். ஆங்கிலேயரின் ராஜவாழ்த்து மெட்டு அம்பாளின் துதியாயிற்று. மெட்டு எல்லை தாண்டுவதை யாரும் தடுக்கவில்லை. தெருவில் நடக்கும் மனிதரைத் தடுப்பதுதான் வழக்கமாயிருந்தது.

இனி 1882-ஆம் ஆண்டுக்கு வருகிறேன். இதைச் சொல்லவே இவ்வளவு தூரம் வந்தேன்.

அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1878-இல், இங்கிலாந்தின் சாலிஸ்பரி ஊரில் சார்லஸ் ஃப்ரை என்ற கட்டடத் தொழில் செய்பவர், இரட்சணிய சேனையாரின் தெருக்கூட்டங்களில் கல்லெறியும் கும்பலுக்கு எதிரே தம் மூன்று மகன்களோடு பித்தளைக் கருவிகளை எடுத்துக்கொண்டு நின்றார். முதலில் பாதுகாப்புக்காக வந்தவர்கள், பிறகு வாசித்தார்கள். கூச்சல் அடங்கி மெட்டு கேட்டது. அதிலிருந்தே இரட்சணிய சேனையின் பேண்டுகள் பிறந்தன. அவை தெருவில் இறங்கியதும் எதிர்ப்பும் பெருகியது. வெஸ்டன் என்ற கடற்கரை ஊரில் எலும்புக்கூட்டுச் சேனை என்று தமக்குப் பெயரிட்டுக்கொண்ட கும்பல் ஊர்வலங்களைத் தாக்கியது. ஊர்வலம் நடத்தக்கூடாது என்று நீதிபதிகள் அறிவிப்பு ஒட்டினார்கள். 1882 மார்ச் மாதத்தில் பீட்டி என்ற சேனைத் தலைவர் அந்த அறிவிப்பை மீறி நடந்து கைதானார். அவ்வாண்டு ஜூனில் இலண்டன் உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. நியாயமான செயலைச் செய்கிறவன், அதைப் பார்த்து வேறொருவன் கலகம் செய்வான் என்பதற்காகக் குற்றவாளி ஆகமாட்டான் என்பதே தீர்ப்பின் சாரம். சட்டக் கல்லூரிகளில் பீட்டி வழக்கு இன்றும் கற்பிக்கப்படுகிறது.

அதே ஆண்டு செப்டம்பர் 19 அன்று பிரடெரிக் பூத்-டக்கர் மூன்று தோழரோடு பம்பாய்த் துறைமுகத்தில் வந்திறங்கினார். ஐ.சி.எஸ். பதவியைத் துறந்து வந்தவர் அவர். ஒரு சேனை வருகிறது என்று கேள்விப்பட்ட காவல்துறை ஆயத்தமாக நின்றதாம். இறங்கியது நான்கே பேர். ஆனால் அந்த நால்வரும் இசையோடு தெருவில் ஊர்வலம் போகக்கூடாது என்று தடை விதிக்கப்பட்டது. ஐரோப்பியர் இந்தியத் தெருவில் முரசு கொட்டி நடந்தால் ஆட்சியின் மதிப்புக் குலையும், மதக்கலகம் எழும் என்பது அரசின் கவலை. அவர்கள் நடந்தார்கள், அபராதமும் 1883-இல் சிறையும் வந்தன. கல்கத்தாவில் பிரம்ம சமாஜத்தின் கேசவ சந்திர சென் அவர்களுக்காகக் குரல் கொடுத்தார். கிறிஸ்தவர் தெருவில் நடக்கும் உரிமைக்காகக் கிறிஸ்தவரல்லாத ஒருவர் பேசினார் என்பதை நாம் அடிக்கடி நினைப்பதில்லை.

அதே 1882-இல், ஜூலையிலும் ஆகஸ்டிலும், நம் சேலத்தில் கலகம் வெடித்தது. செவ்வாய்ப்பேட்டையில் மசூதியின் வழியாக இந்துக்களின் வாத்திய ஊர்வலம் போகலாமா என்பது வழக்கு. உயிர்ச்சேதமும் நேர்ந்தது. பின்னாளில் காங்கிரசின் தலைவரான சி. விஜயராகவாச்சாரியார் மீதும் குற்றம் சாட்டப்பட்டு, அவர் விடுதலையானார். இதன் தொடர்ச்சியாக 1883-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு ஒரு தீர்ப்பு வழங்கியது. பொதுத்தெரு எல்லோருக்கும் பொது. பிறர் வழிபாட்டைக் குலைக்காமலும், அமைதி காக்கும் அதிகாரியின் சட்டப்படியான ஆணைக்கு உட்பட்டும், எந்தச் சமயத்தாரும் வாத்தியத்தோடு அதில் ஊர்வலம் போகலாம் என்ற கருத்தை அது நிலைநாட்டியது.

வெஸ்டன், பம்பாய், சேலம். ஒருவரையொருவர் அறியாத மூன்று ஊர்கள், ஒரே ஆண்டு. மூன்றிலும் கேட்கப்பட்டது இசையைப் பற்றிய கேள்வி என்று மேலோட்டமாகத் தோன்றும். என் மனதுக்கு அப்படித் தோன்றவில்லை. தெரு யாருடையது என்பதே கேள்வி. வாத்தியம் அதை உரக்கக் கேட்டுவிடுகிறது, அவ்வளவுதான். மௌனமாக நடந்தால் விட்டுவிடுகிறவர்கள்கூட, டிரம்பெட் ஒலித்தால் வெளியே வந்துவிடுகிறார்கள். ஏனெனில் பூரிகை மோசேயின் காலத்திலிருந்தே, நாங்கள் இருக்கிறோம், எழும்பி நடக்கிறோம் என்று சொல்வதற்காகவே ஊதப்பட்டது.

நீதிமன்றம் தெருவைப் பொதுவாக்கி 140 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. நாம் என்ன செய்தோம்? பிறரைக் குறை கூறுமுன் நம் வீட்டைப் பார்ப்போம். நம் நெய்வேலிக்கு அதிகத் தொலைவில் இல்லாத எறையூரில், கத்தோலிக்க சகோதரர் நடுவில், தலித் கிறிஸ்தவர்களின் சவ ஊர்வலம் ஆலயத்துக்குச் செல்லும் முக்கியத் தெருவழியே போகக்கூடாது என்ற வழக்கம் நெடுங்காலம் இருந்தது. 2008 மார்ச் 9 அன்று அது கலவரமாகி, காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். மோதிய இரு தரப்பாரும் ஞானஸ்நானம் பெற்றவர்கள். ஒரே நற்கருணை மேசைக்கு வருகிறவர்கள். திருச்சிராப்பள்ளி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தை ஒரு சுவர் இரண்டாகப் பிரித்ததும் நீங்கள் செய்தித்தாள்களில் படித்ததே. இவை அவர்கள் சபையின் காரியங்கள் என்று சீர்திருத்தச் சபையாராகிய நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. நான் வரப்பில் நடந்த அந்த நல்லடக்கம் நம் ஆராதனை முறைப்படி, என் கையிலிருந்த நம் ஜெபப்புத்தகத்தின்படி நடந்தது.

நெய்வேலித் தெருக்களில் நடப்பவர்களுக்கு இந்த வலி சீக்கிரம் மறந்துவிடுகிறது என்று எண்ணுகிறேன். 1935 வாக்கில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் தண்ணீருக்காகத் துளையிட்டபோது கரிய பொருள் வெளிப்பட்டது. 1956 நவம்பர் 14 அன்று நிறுவனம் பதிவானது. 1957 மே 20 அன்று நேரு சுரங்கப்பணியைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரிப் படுகை கண்ணுக்குத் தெரிந்தது. அதோடு புதிய நகரியம் எழுந்தது. அதன் தெருக்களுக்குப் பூர்வீகம் இல்லை. மேலத்தெரு, கீழத்தெரு என்ற பெயர்களுக்குப் பதிலாக வட்டம் 1, வட்டம் 2 என்று எண்கள் வந்தன. வீடு யாருக்கு என்பதை வேலையின் படிநிலை தீர்மானித்தது. அதிலும் மேல் கீழ் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஓய்வு பெற்றால் மேலும் கீழும் ஒன்றாகவே சாவியை ஒப்படைக்க வேண்டும். எண்ணிட்ட இந்தத் தெருக்களில் எந்தச் சவ ஊர்வலமும் முனையில் நின்று திரும்பியதை என் சிறுவயதில் நான் பார்த்ததில்லை. ஆகவே எல்லா ஊரும் இப்படித்தான் என்று நினைத்து வளர்ந்தேன். மறைந்த நம் பெரியவர் இந்தத் தெருக்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சைக்கிளில் வேலைக்குப் போய் வந்தார். சொந்த ஊரில் கடைசியாக ஒருமுறை பெரிய தெருவில் போக அவருக்கு இயலவில்லை. பேண்டு வேண்டும் என்று அவர் ஏன் கேட்டார் என்பது இப்போது எனக்கு விளங்குகிறது.

டெல்லியில் ஜனவரி 29 அன்று நடக்கும் படைகள் பாசறை திரும்பும் நிகழ்ச்சியில், நமக்கெல்லாம் தெரிந்த 'அபைட் வித் மீ' என்ற மாலைநேரக் கீர்த்தனையின் மெட்டு நெடுங்காலம் வாசிக்கப்பட்டது. 2022-இல் அது நீக்கப்பட்டபோது உங்களில் பலர் வருந்தி எனக்கு எழுதினீர்கள். நானும் வருந்தினேன். ஆனால் டெல்லியில் ஒரு மெட்டு நின்றதற்குக் கலங்கிய நாம், பத்துக் கிலோமீட்டருக்குள் ஒரு தெருமுனையில் அதே மெட்டு தலைமுறைகளாக நின்றுபோவதை அறியாமலே இருந்தோம். அன்று வரப்புக்குத் திரும்புமுன் பாதியில் விடப்பட்டதும் அந்த மெட்டே.

சென்ற வாரம் அந்த டிரம்பெட் பெரியவரை மறுபடியும் சென்று கண்டேன். வாசலில் கட்டிலில் உட்கார்ந்து வால்வுகளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அன்று நான் பேசாமல் வந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "நீங்க வாசிக்கச் சொல்லியிருந்தா நான் வாசிச்சிருப்பேனாங்கிறது எனக்கே தெரியலைங்க ஐயா. நாளைக்கு அந்தத் தெருவுல கல்யாணத்துக்கு நான்தான் போகணும்" என்றார். கல்யாணத்துக்கு அதே தெருவில் அதே குழல் ஒலிக்கலாம், அதற்குத் தடையில்லை. யாருடைய நிகழ்ச்சி என்பதே வேறுபாடு. அவருடைய பிழைப்பு அந்தத் தெருவில் இருக்கிறது, என்னுடையது இல்லை. ஆகையால் முதலில் பேச வேண்டியவன் அவர் அல்ல, நான்.

மறைந்தவரின் பிள்ளைகளோடும் பேசினேன். நாற்பதாம் நாள் ஜெபக்கூட்டத்துக்கு முன் அந்த ஊர்ப் பெரியவர்களையும் ஊராட்சித் தலைவரையும் சந்திக்க அவர்கள் சம்மதித்திருக்கிறார்கள். என்னோடு சபைக் குழுவிலிருந்து இருவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பெரிய தெருவில் உறவினர் உடைய நம் சபையார் சிலர் உண்டு, அவர்களும் வந்தால் பேச்சு எளிதாகும். சண்டைக்காகப் போகவில்லை. 1883-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் சாரத்தைத் தமிழில் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன், தேவைப்பட்டால் காட்டுவேன். கூட்டம் முடிந்தபின் வீட்டிலிருந்து கல்லறைத் தோட்டம் வரை மலர் வைக்க நடந்து செல்வதாக ஏற்பாடு. எந்த வழியாக என்பது சந்திப்பைப் பொறுத்தது.

பேண்டுக் குழுவில் அன்று ஒரு டிரம்பெட் குறைவாக இருக்குமாம். ஒருவர் வெளியூர் போகிறார். பெரியவர் என்னைப் பார்த்து, "இன்னும் ஒதடு நிக்குமாங்க ஐயா?" என்றார். இருபது ஆண்டுகளாக ஊதவில்லை. ஊதுவாயைத் தேடி எடுத்து, இந்த வாரம் முதல் காலை ஜெபத்துக்குப் பின் பத்து நிமிடம் பழகத் தொடங்கியிருக்கிறேன். போதகர் குடியிருப்பிலிருந்து வண்டு இரைவதுபோல் சத்தம் கேட்டால் அண்டை வீட்டார் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.